எங்கள் காலனியின் ஒருமனதான தலைவர்

அந்த மூன்று வருஷத்தை நினைத்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிதான் கண்ணுக்குள் வருகிறது. மதியம் மீன்குழம்பு சாப்பிட்டுத் தூங்கி எழுந்த கண்ணோடு, புதுச்சேரி உழவர்கரையில் எங்கள் காலனிச் சங்கத்துக் கூடத்தில் உட்கார்ந்திருப்போம். மேலே ஃபேன் சுற்றும். கடல் காற்று அப்போதுதான் ஊருக்குள் நுழையும். பேசுகிறவர் குரல் எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும், பாதி காதில் விழும், பாதி விழாது. கெட்டது ஏதாவது நடக்கிற இடமாக அது தெரியவே தெரியாது.

சர்வாதிகாரி எப்படி வருவார் என்று யாராவது என்னிடம் கேட்டால், ரொம்ப நல்லவராக வருவார் என்பேன். எங்களுக்கு வாய்த்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். எல்லோருக்கும் அவர் 'முசியே', பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அவர் வருவதற்கு முன் எங்கள் கூட்டங்கள் சந்தைக்கடைதான். குழாய்த் தண்ணீருக்காக ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிப்பார்கள், முடிவென்று ஒன்று வராது. முசியே பொறுப்பெடுத்த ஆறே மாதத்தில் சாக்கடை ஓடியது, தெருவிளக்கு எரிந்தது, போர்வெல் மோட்டார் நேரத்துக்கு ஓடியது. அடுத்த தேர்தலில், "நமக்குள்ள எதுக்குங்க போட்டி?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். பொய் சொல்வானேன், அவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வந்தது.

சங்கத்துக்கு நான் செயலாளர். பள்ளிக்கூட டீச்சர் என்பதால் தீர்மான நோட்டு என் கையில். அதில் ஒரு பழக்கத்தை நானே கொண்டுவந்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட பழக்கம். கூட்டம் முடிந்து நான் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவதற்குள் சாயங்காலப் பூசைக்குப் போகிறவர்கள் தவிப்பார்கள். அதனால் போண்டா வருகிற நேரத்திலேயே வெறும் பக்கத்தின் அடியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மேலே நான் பிறகு எழுதிக்கொள்வேன். எல்லோருக்கும் அது பெரிய நிம்மதி.

முதல் கையெழுத்து எப்போதும் எதிர்வீட்டு அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடின பிறகு வாதம் வந்து படுத்த படுக்கை. அக்கா இரண்டு கிரைண்டர் போட்டு, இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் குடும்பத்தை ஓட்டினார்.

அப்புறம் ஒருநாள், காலனி வாட்ஸப் குழுவில் இனித் தலைவர் மட்டுமே பேசலாம் என்று முசியே மாற்றிவிட்டார், சண்டை வேண்டாமாம். ஐயோ, எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! காலை வணக்கப் படங்கள் இல்லை, திட்டு இல்லை, போன் அதுபாட்டுக்கு மேசையில் கிடந்தது. மழையால் ஒரு தேர்தல் தள்ளிப்போனது. மாதா திருவிழாவால் இன்னொன்று. அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் ஒரு காலையில் மாவு வாங்கப் போயிருந்தேன். எந்தத் தேசமோ, தேர்தலே வைக்காமல் ஆளுகிற ஒருவரை டிவியில் காட்டினார்கள். "அந்த ஊரு ஜனங்கள்லாம் என்னா, தூங்கிக்கினா இருந்தாங்க?" என்றார் அக்கா. இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த அக்காதான் ஒரு கூட்டத்தில் கேட்டார்: "முசியே, எலெக்‌ஷன் எப்பங்க?" வம்புக்குக் கேட்கவில்லை. நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, போண்டாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா கேட்டார்.

"வைப்போம்மா, வைப்போம்" என்று முசியே சிரித்தார்.

அன்றைக்கே விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தபடி, எழுதச் சொன்னார்: குடியிருப்புத் தண்ணீரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் வீட்டின் இணைப்பைத் துண்டிக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

"இதப் பத்தி கூட்டத்துல பேசவே இல்லியே முசியே" என்றேன்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்களே டீச்சர்" என்றார். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. யாருடைய கையோ எழுதுவதை நான் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. ஆனால் எழுதினது நான்தான்.

மறுநாள் அக்கா வீட்டுக் குழாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. என்னிடம் வந்து நோட்டைக் காட்டச் சொன்னார். தீர்மானத்துக்குக் கீழே முதல் கையெழுத்து அவருடையது. அதன்மேல் விரலை வைத்தார். "நாந்தான் போட்டிருக்கேன்" என்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அடுத்த கூட்டத்துல நான் கேக்கறேன்க்கா, சத்தியமா. தண்ணிய வாங்கிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை" என்றேன். அதுவரைக்கும் தெருக்கோடிக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து அரைத்தார். ஒரு கிரைண்டரை நிறுத்திவிட்டார். பாதி வாடிக்கை வேறு கடைக்குப் போய்விட்டது.

அடுத்த கூட்டத்துக்கு, கேட்க வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். அக்கா வரவில்லை, அது அவர் தண்ணீர் பிடிக்கிற நேரம். நான் எழுந்திருப்பதற்குள் முசியே எழுந்தார். டீச்சர் நமக்காக எவ்வளவு உழைத்துவிட்டார், இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்றார். என் தோளில் பொன்னாடை போர்த்தினார். கூடமே எழுந்து நின்று கை தட்டியது. மனசாரத் தட்டினார்கள், அதுதான் கொடுமை. காற்றும் கைதட்டலும் மஞ்சள் வெயிலும் ஒன்றாகக் கலந்து எனக்குத் தலை லேசாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. புதுச் செயலாளர் நோட்டை நீட்டினார். வெறும் பக்கம். கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது அக்கா வாசலில் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தார். பொன்னாடையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

"கேட்டீங்களா டீச்சர்?"

"கேட்டேன்க்கா."

"என்னா சொன்னாரு?"

"பாக்கலாம்னாரு."

அக்கா குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். கட்டிலில் கிடக்கிற மனுஷரிடம், "டீச்சர் பேசிட்டாங்களாம், தண்ணி வந்துடும்" என்று சொன்னது எனக்குத் தெருவரைக்கும் கேட்டது.