காளிராஜ் அண்ணன் பார்க்காத கோப்பை

கால்பந்து இறுதி ஆட்டத்தன்று ஜோசப்பின் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜோசப். மில்லில் ஃபிட்டர் வேலை பார்க்கும் சுப்புராஜா. சேத்தூரிலிருந்து பைக்கில் வரும் பாண்டி. அப்புறம் நான்.

ஐந்தாவதாக இருந்திருக்க வேண்டியவர் காளிராஜ் அண்ணன். அவரை அங்கே இல்லாமல் செய்தவன் நான்தான். பொய் சொல்லிச் செய்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்...

காளிராஜ் அண்ணனுக்கு ஊர் மம்சாபுரம். பட்டாளத்தில் ரெஜிமெண்டுக்காகக் கால்பந்து ஆடியவர். ஓய்வு பெற்று வந்து ராஜபாளையத்தில் ஒரு மில் வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். கபடியும் கிரிக்கெட்டும் மட்டுமே தெரிந்த எங்களுக்குச் சென்னைக் கால்பந்து அணியின் மேல் பைத்தியம் பிடிக்க வைத்தது அவர்தான். டீ கிளாஸ்களை நகர்த்தி நகர்த்தி ஆஃப்சைடு சொல்லித் தருவார். ஐந்து பேருக்கும் நீலச் சட்டை எடுத்துக் கொடுத்தார்.

சென்னை முதல் கோப்பையை வென்றபோது அவர் எல்லையில் இருந்தார். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. "அடுத்த கோப்பையக் கண்ணால பாத்துரணும்லே... அம்புட்டுத்தான் ஆசை" என்பார்.

அம்புட்டுத்தான். அதைத்தான் நான் பறித்தேன்.

ஆட்டம் பார்ப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் எழுந்து போன நேரத்தில் நம் அணி கோல் போட்டால் அவன் திரும்பி வரக்கூடாது. அவன் உள்ளே இருந்தால் ராசியில்லை என்று அர்த்தம். சிரிக்காதீர்கள்! கிரிக்கெட் பார்க்கும்போது நீங்களும் யாரையாவது வெளியே நிறுத்தியிருப்பீர்கள்.

அந்தக் கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தறி நின்றுவிடுமோ, முதலாளி நிறுத்திவிடுவாரோ, காய்ச்சல் வந்தால் அது பெரிய வியாதியோ... நாலு பேர் என்னை 'வாலே' என்று கூப்பிட்டு இடம் போட்டது அந்த மாடியில் மட்டும்தான்.

நான் சேர்ந்ததும் வரிசையாகத் தோற்றோம். ஜோசப் விளையாட்டாகத்தான் சொன்னான். "ஏலே, இவன் வந்து உக்காந்ததுல இருந்து நமக்கு ஒண்ணும் விளங்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஆட்டம். அண்ணன் டீ வாங்கக் கீழே போனார். எனக்குப் படபடப்புத் தாங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் எழுந்துபோய் மாடிப்படியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து நாம் கோல் போட்டோம்! சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். செத்த நேரத்தில் அண்ணனும் டீயோடு வந்தார். உடனே எதிரணி ஒன்று போட்டது.

"நாம கோல் போட்டப்போ ரூம்ல இல்லாதது யாருலே?" என்றான் சுப்புராஜா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தார்களா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா? இன்றுவரை தெரியவில்லை.

"நான் இங்க கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். அண்ணன்தான் கீழ போயிருந்தாவ" என்றேன்.

அவ்வளவுதான் பொய். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன்.

"அப்பம் அண்ணன் கீழயே நிக்கட்டும்" என்றான் பாண்டி.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "பார்டர்ல காவல் நின்னவன் ஒங்க படிக்கட்டுல நிக்க மாட்டனாலே? டீய மட்டும் நீங்களே வந்து தூக்கிக்கிடுங்க."

அன்று ஜெயித்தோம். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் கீழேயே நின்றார். இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம்.

இறுதி ஆட்டத்துக்குப் புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தோம். ஆளுக்கு இருநூறு. வசூலித்தது நான். அண்ணனும் நீட்டினார்.

"பாக்காத ஆட்டத்துக்கு எதுக்குண்ணே?" என்று பாண்டி கேட்டான்.

"நான் பாக்கலைன்னா அது என் டீமு இல்லைன்னு ஆயிருமாலே?"

நான் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனாலும் வாங்கினேன்!

கீழே நின்றால் சத்தம் காதில் விழும், அதுகூட ராசியைக் கெடுக்கும் என்று அவராகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் நம் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் மலைக்குப் போய்விட்டார். "பெருமாள நான் பாத்துக்கிடுதேன். ஆட்டத்த நீங்க பாருங்க."

முதல் கோலை எதிரணி போட்டது. அப்போது உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்... எடுத்தேனா? அதற்குள் நாம் ஒன்று திருப்பினோம். "அண்ணன் மலையில இருக்காவல்லா!" என்று ஜோசப் குதித்தான். என் வாய் மூடிக்கொண்டது.

சென்னை கோப்பையை வென்றது.

இரண்டு பைக்கில் மலையடிவாரத்துக்குப் பறந்தோம். நீலச் சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தார். செல்போனை அணைத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். என் கையைப் பிடித்து, "கடைசி கோல் எப்படிலே விழுந்துச்சு? தலையாலயா, காலாலயா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. பயத்தில் நான் கண்ணை மூடியிருந்தேன். அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தேன்!

"தலையால" என்று ஒப்புக்குச் சொல்லிவைத்தேன்.

அதற்குப் பின் ஒருமுறை நம் அணி இறுதிவரை போய்த் தோற்றது. அன்றும் அண்ணன் வரவில்லை. அவர் இல்லாமலேதான் தோற்றோம். அப்போதாவது யாருக்காவது உறைத்ததா? "அண்ணன் அன்னைக்கு வீட்ல இருந்துட்டாவ. மலைக்குப் போயிருக்கணும்" என்றான் சுப்புராஜா.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

போன தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டுகிறது, அவரைக் காணவில்லை. தேடிப் போனேன். பட்டு வேட்டியோடு வாசலில், பைக்குகள் நிறுத்தும் இடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள வாங்கண்ணே..."

"வேண்டாம்லே. நான் நின்னா நல்லது நடக்காது. ஒனக்குத் தெரியாததா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் தெருவுலதான் நின்னேன். அதான் கூடி வந்துச்சு."

அதைச் சிரிக்காமல் சொன்னார். மேளம் அடங்கியதும் என் தோளைத் தொட்டார்.

"தாலி ஏறிட்டாலே?"

அந்தக் குரல்! மலைப்படியில் கோலைக் கேட்ட அதே குரல். அப்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'அன்று கோல் விழுந்தபோது நானும் வெளியே படியில்தான் நின்றேன்' என்று. சொன்னால் என்ன செய்வார்? அடிப்பாரா? அடித்தால்கூடப் பரவாயில்லை. "அப்பம் நான் எம் மவ கல்யாணத்தப் பாத்திருக்கலாமேலே" என்று கேட்டுவிட்டால்...?

"ஏறிட்டுண்ணே" என்றேன்.

ஐந்நூறு ரூபாய் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

இன்றும் மில் வாசலில் என்னைப் பார்த்தால் "நம்ம டீமு எப்படிலே இருக்கு?" என்று கேட்கிறார். பை நிறையப் பணம் வைத்திருந்தாலும் எடுத்து நீட்டக் கை வரவில்லை. எதற்கு என்று கேட்பாரே!

அவர் பார்க்காத அந்த ஆட்டத்துக்கு நான் கைநீட்டி வாங்கியது, இன்னும் திருப்பித் தராதது, இருநூறு ரூபாய்.