இருதயமேரி சும்மா இருக்கக் கற்றது

இருதயமேரிக்குச் சும்மா இருக்க வராது. இருபது வருஷமாகப் பிள்ளைகளின் கையையும் காலையும் மடக்கி நீட்டியே பிழைத்தவளைப் பிடித்து, பத்து நிமிஷம் வாயைத் திறக்காமல், கையை அசைக்காமல் உட்காருங்கள் என்றால் எப்படி உட்காருவாள்? ஆனால் ஆன்லைன் பயிற்சியில் அதைத்தான் செய்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். இரண்டு தடவை அனுப்பினாள். இரண்டு தடவையும் ஃபெயில்.

அவள் பிறந்தது திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், ஊரார் காட்டில் கரும்பு வெட்டப் போகிற குடும்பத்தில். கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தாள். எல்லாப் பெண்களும் நர்ஸ் வேலைக்குத்தான் போகிறார்கள், நீ பிசியோதெரபிக்குப் போ என்று அங்கிருந்த ஒரு சிஸ்டர் அனுப்பிவைத்தார். “சுளுக்கு எடுக்கறதுக்கா காலேஜு?” என்று அப்பா கேட்டார். கடைசிவரை அவருக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். வேலை திண்டிவனத்தில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில். வீடு ஒரு ஊர், வேலை ஒரு ஊர் என்று ஆனதில் அவள் ஆயுசில் பாதி விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் பஸ்ஸில் கழிந்தது.

ஆள் கெட்டிக்காரிதான். கால் விறைத்துப்போன பிள்ளையைப் பாயில் கிடத்தி, “மடக்கு ராஜா, நீட்டு ராஜா, இன்னா வீம்பு இது, நீட்டுடா” என்று பேசிப் பேசியே நடக்க வைத்துவிடுவாள். அவள் வாய் ஓய்ந்தால் பிள்ளைகள் அழும். அப்படி இருந்த அவளிடம் இந்த நாலைந்து வருஷமாக வேறு மாதிரிப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஓடினார்கள், குதித்தார்கள், கை கால் எல்லாம் நன்றாக இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஃபேனைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், மனிதர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஆட்டிசம் என்று சீட்டில் எழுதியிருந்தது. பிடித்து நீட்டுவதற்கு அந்தப் பிள்ளைகளிடம் எதுவும் இல்லை. இருதயமேரியின் கை முதன்முறையாக என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள்: ஆன்லைன் பயிற்சியை முடித்தவர்கள்தான் இனி ஆட்டிசம் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஞாயமான பேச்சுதான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பு சாயங்காலம் ஏழு மணிக்கு. அந்நேரம் அவள் பஸ்ஸில் இருப்பாள். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன், காதில் ஒயர். போனுக்குள் அஸ்வினி மேடம், சென்னையில் இருக்கிற பயிற்சியாளர், இவளைவிடப் பதினைந்து வயது இளையவள். கேமராவை ஆன் செய்து வைக்க வேண்டும் என்று விதி. அதனால் அந்தப் பயிற்சியில் படித்த எல்லோருக்கும் இருதயமேரியோடு சேர்த்துப் பின்சீட்டுக்காரர்களின் தூங்குமூஞ்சியும் பழக்கமாகிவிட்டது.

“இன்னா மேடம், இந்த வயசுல டியூஷனா?” என்று கண்டக்டர் கேட்டார்.

“ஆமா, வாயை மூடறதுக்கு கிளாஸ் எடுக்கறாங்க. நீங்களும் சேர்றீங்களா?” என்றாள்.

சிரிப்புக்காகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அஸ்வினி திரும்பத் திரும்பச் சொன்னது இது: பிள்ளைக்குப் பிடித்ததை ஒரு கண்ணாடி டப்பாவில் போட்டு இறுக்க மூடி முன்னால் வையுங்கள். இன்னா வேணும் என்று கேட்காதீர்கள். காட்டாதீர்கள். காத்திருங்கள். பேச்சு வராத பிள்ளை உங்கள் விரலைப் பிடித்து மூடிமேல் வைத்தால் அதுவே கேட்பதுதான். அந்த நொடியே திறந்து கொடுங்கள். கேட்டும் கிடைக்கவில்லை என்றால் பிள்ளை கேட்பதை விட்டுவிடும்.

இருதயமேரி வீடியோவுக்கு எடுத்துக்கொண்ட பிள்ளை ஆர்த்தி. ஐந்து வயது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். அங்கே போக நிறுவனத்தில் வேறு யாரும் தயாரில்லை. இவள் தேறவில்லை என்றால் ஆர்த்தி வீட்டுக்கு இனி யாரும் போகப் போவதில்லை. இவளுக்கு அது தெரியும், ஆர்த்தியின் அம்மா இசைவாணிக்கும் தெரியும்.

இசைவாணி காட்டு வேலைக்குப் போகிறவள். புருஷன் சென்னையில் கட்டட வேலை, மாசம் ஒருமுறை வருவான். விடியுமுன் களையெடுக்கவோ, மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்கவோ போனால் மத்தியானம்தான் திரும்புவாள். அதுவரை பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கும். முதல் தடவை இருதயமேரி போனபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“மத்தவங்க புள்ள நடக்கலயேன்னு அழறாங்க. எம் புள்ள ஓடறா மேடம். ஆனா எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்றா. பசிச்சாக்கூட கேக்கறதில்ல, எங்கியோ பாத்து அழுவா. நான்னு ஒருத்தி இங்க கீறேன்றதே அவளுக்குத் தெரியுமான்னு தெரியல.”

 இருதயமேரி தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

முதல் வீடியோவில், “ஆர்த்தி, இன்னா வேணும்? மல்லாட்டை வேணுமா? சொல்லு கண்ணு, சொல்லு” என்று விடாமல் பேசித் தீர்த்தாள். மேடம், பிள்ளைக்குக் கேட்க இடமே விடவில்லையே என்று அஸ்வினி எழுதியிருந்தாள். இரண்டாவது வீடியோவில் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினாள். ஆனால் கை கேட்கவில்லை. பிள்ளை டப்பாப் பக்கம் திரும்பியதுமே அதுபாட்டுக்குப் போய் மூடியைத் திறந்துவிட்டது.

மூன்றாவது தடவை ஒரு வியாழக்கிழமை. காலையில் ஒரு பிள்ளையையும் அதன் தாயையும் கூட்டிக்கொண்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றாள். அங்கிருந்து திண்டிவனம், திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே ஆர்த்தி ஊர். வீட்டுக்குள் மேலே கூரை ஷீட் கொதித்தது, கீழே சிமெண்டுத் தரை மட்டும் கொஞ்சம் சில்லென்றிருந்தது. போனை அரிசி டிரம்மில் சாய்த்து வைத்தாள். தோல் உரித்த மல்லாட்டை போட்ட டப்பாவைத் தரையில் வைத்தாள். வேறு ஆள் இருந்தால் பிள்ளையின் கவனம் போகும் என்று இசைவாணியைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இந்தத் தடவை அசையவே கூடாது என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள்.

அசையவும் இல்லை. தூங்கிப்போனாள்.

குடத்தை இறக்கி வைக்கிற சத்தத்தில் பதறி விழித்தபோது ஆர்த்தி மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பா மூடியபடியே கிடந்தது.  “டீ போடட்டா மேடம்?” என்றாள் இசைவாணி. இருதயமேரிக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. தன் தூக்கத்தை அழித்துவிடலாம் என்று போனை எடுத்தாள். அழிக்குமுன் லேசாக ஓட்டிப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள், பார்க்கச் சகிக்கவில்லை. சட்டென்று படத்துக்குள் ஆர்த்தி வந்தாள்.

வந்து உட்கார்ந்தாள். தூங்குகிறவளின் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தூக்கி டப்பா மூடிமேல் வைத்தாள். கை வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தாள், மறுபடி விழுந்தது. மூன்றாம் தரம், விழாமல் இருக்கத் தன் கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு தலையை நிமிர்த்தி இருதயமேரியின் முகத்தைப் பார்த்தாள். யார் முகத்தையும் பார்க்காத பிள்ளை, பார்த்தபடி காத்திருந்தது. எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தக் கையைத் தூக்கி இருதயமேரியின் மடியிலேயே பதமாக வைத்துவிட்டு எழுந்து மூலைக்குப் போய்விட்டது.

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்று யார் யாரோ ஏறினார்கள். இருதயமேரி தலையைக் குனிந்து அழுதாள். இந்த நாலைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பிள்ளை வாய் விட்டுக் கேட்ட மாதிரி கேட்டிருக்கிறது, அந்த நேரம் பார்த்து இந்தப் பாழாய்ப்போன உடம்பு தூங்கியிருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை. நடந்ததை ரெண்டு வரியில் எழுதி அஸ்வினிக்கே அனுப்பிவிட்டாள்.

விழுப்புரத்தில் இறங்கும்போது போன் வந்தது.

“பாத்தேன் மேடம்” என்றாள் அஸ்வினி. அவள் குரலும் சரியாக இல்லை. “அவ கேட்டா, நீங்க குடுக்கல. இதுக்கு மார்க் போட முடியாது. இன்னும் கொஞ்ச நாள் டைம் தர்றேன்.” கூடவே சொன்னாள்: “ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீடியோலதான் நீங்க நல்லா வெயிட் பண்ணியிருக்கீங்க.”

கிண்டல் என்றுதான் இருதயமேரி முதலில் நினைத்தாள். வீட்டுக்குப் போய் உலை வைத்தபோதுதான் அது கிண்டல் இல்லை என்று உறைத்தது.

சனிக்கிழமை லீவு. ஆனாலும் கிளம்பினாள். “இன்னிக்குமா? உடம்பு இரும்பா உனக்கு?” என்று விருத்தாசலம் கத்தினான். பெற்றவளிடம் காட்டாமல் அந்த வீடியோவை வைத்திருக்க இவளால் முடியவில்லை. திட்டுவாள், திட்டட்டும் என்று போனாள்.

இசைவாணி அப்போதுதான் காட்டிலிருந்து வந்திருந்தாள், நகக்கண்ணெல்லாம் மண். இருதயமேரி மூடி மறைக்கவில்லை. “நான் தூங்கிட்டேம்மா. நான் தூங்கினப்போ உம் புள்ள எங்கிட்ட கேட்டிருக்கா. நான் குடுக்கல” என்று சொல்லிப் போனைக் கையில் கொடுத்தாள். இசைவாணி பார்த்தாள். இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை கையை மடியில் வைக்கிற இடம் வந்ததும் போனைத் தாழ்த்திவிட்டாள்.

“மேடம்” என்றாள். “காட்டுலேர்ந்து வந்து, புள்ளையக் கூட்டியாந்து உள்ள வச்சி, தாப்பாளப் போட்டுட்டு செத்த நேரம் படுப்பேன். படுத்தா பொணம்தான், இடி விழுந்தாலும் தெரியாது. எழுந்திருக்கும்போது எங் கை வயித்து மேல ஒழுங்கா மடிச்சி இருக்கும். கைய விரிச்சிப் போட்டுக்கினு தூங்கற ஆளு நானு. தூக்கத்துல நானே மடிச்சிக்கினேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

இருதயமேரி திரும்பி, மூலையில் செருப்போடு உட்கார்ந்திருந்த ஆர்த்தியைப் பார்த்தாள்.

“தெனமும் மேடம்” என்றாள் இசைவாணி. “தெனமும் கேட்டுக்கினுதான் இருந்திருக்கா.”

விழித்திருக்கும்போதெல்லாம் ஊரே அந்தப் பிள்ளையிடம் சொல்லு சொல்லு என்று கத்திக்கொண்டிருந்தது. இவளும்தான் கத்தினாள், கத்திக் கத்தியே பேர் வாங்கியவள். ஒருத்தரும் நச்சரிக்காத நேரம் அவர்கள் தூங்குகிற நேரம் ஒன்றுதான், பிள்ளை அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறது. இதை எப்படிச் சொல்வது என்று இருதயமேரி யோசிப்பதற்குள் இசைவாணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். கையை விரித்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“டப்பாவ வைங்க மேடம்.”

இருதயமேரி மல்லாட்டை டப்பாவை அவள் கைப்பக்கம் வைத்துவிட்டு எதிர்ச்சுவரோரம் போய் உட்கார்ந்தாள். போனைச் சாய்த்து வைக்கவில்லை. அந்த ஞாபகமே வரவில்லை. வீடியோவைப் பிறகொரு நாள் எடுத்து அனுப்பித் தேறியதும், ஆர்த்தி வீட்டுக்கு விடாமல் போய்வருவதும் நடந்தது உண்மைதான், ஆனால் அது அப்புறம். அன்றைக்கு அவள் செய்ததெல்லாம் உட்கார்ந்திருந்தது மட்டும்தான். தொண்டைவரை வந்த பேச்சை விழுங்கினாள். கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண் சொக்கியது, தலையை உலுக்கி விழித்தாள்.

வெகுநேரம் ஆர்த்தி திரும்பவில்லை. வெளியே டிராக்டர் ஒன்று போய் மறைந்தது. “வர்றாளா மேடம்?” என்று இசைவாணி உதட்டை அசைக்காமல் கேட்டாள். இருதயமேரி பதில் சொல்லவில்லை.

கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளை எழுந்தது. அம்மாவைச் சுற்றிக்கொண்டு வந்து குந்தியது. மண் படிந்த அந்த விரலைத் தூக்கி, மூடிமேல் வைத்தது.

இசைவாணியின் இமை துடித்தது. திறந்தால் பிள்ளை போய்விடுமோ என்று பயந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டே, கண்ணீர் காதோரம் வழிய, தடவித் தடவி மூடியைத் திறந்தாள்.