லூர்தம்மாள் கொண்டுபோன ரிக்கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டை விட்டு ஒரு ரிக்கார்டு வெளியே போய்விட்டது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். என் அலமாரிக்குள் நுழைந்த ரிக்கார்டு வெளியே போனதாகச் சரித்திரமே இல்லை. சொந்த மைத்துனர் தன் மகள் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டார் அசந்து போகட்டும் என்று இரண்டு இங்கிலீஷ் ரிக்கார்டு இரவல் கேட்டார். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டேன். பந்தியில் என் இலைக்கு மட்டும் பாயசம் வரவில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

அப்பேர்ப்பட்ட நான் என் கையாலேயே எடுத்துத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். வாங்கிக்கொண்டு போனவள் வீட்டில் கிராமபோன்கூடக் கிடையாது!

'மறுபடியும் ஜாஸ் புராணமா?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காக என் வியாதியைப் பற்றி இரண்டு வார்த்தை. பாம்பனில் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா நான். எங்கள் ஊரில் திருச்சி ரேடியோ ஸ்டேஷன் தொண்டை கட்டியது போலத்தான் கேட்கும். கொழும்பு ஸ்டேஷனோ பக்கத்து வீட்டுக் கூடத்திலிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். கடல் ஒன்றுதானே நடுவில்? சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் ஜாஸ் போடுவார்கள். ஒருநாள் வேறு எதையோ தேடித் திருகும்போது ஒரு டிரம்பெட் காதில் விழுந்தது. திருகிய கை அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை. என் மனைவி சொர்ணம் இதைத் 'தகர டப்பா சங்கீதம்' என்பாள். இருக்கட்டும்.

கொழும்பில் இந்த ரிக்கார்டுகள் விற்கிற கடைகள் இருக்கின்றன. ரேடியோக்காரன் கடைப் பெயரோடு சொல்லி வெறுப்பேற்றுவான். முன்பு என்றால் தனுஷ்கோடியில் கப்பலேறி மறுநாள் காலையில் கொழும்பில் இறங்கி, கடை கடையாகப் புகுந்து வரலாம். இப்போது பாஸ்போர்ட், விசா, கஸ்டம்ஸ்… பாட்டு மட்டும் யாரிடமும் டிக்கெட் வாங்காமல் தினமும் கடல் தாண்டி வருகிறது. எத்தனையோ சாயங்காலம் கரையில் நின்று அந்தப் பக்கத்தையே பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டிய ரிக்கார்டு அங்கே ஏதோ ஒரு தட்டில் தூசி படிந்து கிடக்கும். எடுக்க ஆள் இல்லை.

ஆகவே எனக்கு மிச்சம் மெட்ராஸ்தான். ரயில்வே பாஸ் இருக்கிற வரைக்கும் மெட்ராஸ் எனக்கு முதுகுளத்தூர் போய் வருகிற மாதிரி.

மவுண்ட் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் முதலியார் கடை. இங்கிலீஷ் ரிக்கார்டுகள் மட்டுமே விற்கிற கடை. முதலியாருக்கு அந்தச் சங்கீதமே ஆகாது. யாராவது போட்டுக் கேட்டால் எழுந்து வெளியே போய் வெற்றிலை போட்டுக்கொள்வார். ஆனால் சரக்கை அடுக்குவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. பாடகர் பெயர், பேண்டு பெயர் எதுவும் பார்க்க மாட்டார். எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக் கட்டு அப்படியே இருக்கும். 'கீழ்ப்பாக்கம் டாக்டர் வீடு', 'நுங்கம்பாக்கம் கர்னல் வீடு' என்று சீட்டு ஒட்டியிருப்பார். துரைமார் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது ஆரம்பித்த வழக்கம் அது. ஒரு வீட்டு ரசனையைக் கலைக்கக் கூடாது என்பார். கர்னல் வீட்டில் ஜாஸ் தேடுகிறவனுக்குக் கால் வலிதான் மிச்சம் என்பதும் அவர் சொன்னதுதான்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால்… லூர்தம்மாளுக்காக.

லூர்தம்மாள் எங்கள் ஊர்க் கடற்கரையில் கருவாடு போடுகிறவள். பரமக்குடிக்கும் மானாமதுரைக்கும் கூடை அனுப்ப என் ஆபீசுக்கு வருவாள். அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் ரசீதை வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள். நான் இங்கிலீஷ் ரிக்கார்டு வாங்குகிறவன் என்பது உண்மைதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு ரிக்கார்டு வேண்டும் என்றாள்!

அவள் புருஷன் சூசை. மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் வாசித்தவன். சப்பரத்துக்கு முன்னால் அவன் வாசித்ததை நானும் கேட்டிருக்கிறேன். கல்யாணமான மறு வருஷமே பம்பாய்க்குப் போனான். அங்கே ஒரு பெரிய ஹோட்டல் பேண்டில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. கொஞ்ச காலம் மணியார்டர் வந்தது. பிறகு அதுவும் நின்றது, ஆளும் வரவில்லை. ஊர் சும்மா இருக்குமா? அவன் ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறான் என்றது. அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்றும் சொன்னது. அவளுடைய நாத்தனாரே அப்படிப் பேசினாள்.

அந்தச் சமயத்தில்தான் கப்பலில் வேலை பார்க்கிற உள்ளூர்க்காரர் ஒருவர் லீவில் வந்திருக்கிறார். சூசை வாசிப்பதைப் பம்பாயில் தன் கண்ணால் பார்த்ததாகவும், அந்தப் பேண்டு ஒரு ரிக்கார்டு போட்டிருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். பேண்டு தலைவரின் பெயரையும் நினைவு வைத்திருந்தார். அடுத்த தடவை அவர் போனபோது பேண்டே கலைந்துவிட்டதாம். சூசை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

"அதுல அவுக ஊதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிரும்ணே" என்றாள். "ஒரே ஒரு வாட்டி கேட்டாப் போதும்."

தலைவரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்களில் எத்தனை பேர் என் மாதிரி ரிக்கார்டு பைத்தியம் என்று எனக்குத் தெரியும்.

நான் தேடினேன். மதுரையில் தேடினேன், மூர் மார்க்கெட்டில் தேடினேன். ரிக்கார்டு வேட்டைக்காரன் என்று பெயர்தானே தவிர, அதுவரை தேடியதெல்லாம் எனக்காக. கிடைக்காவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இப்போது வெறுங்கையோடு பாம்பனில் இறங்குவதே சங்கடமாக இருந்தது. பார்சல் ஆபீஸ் வாசலில் கூடையோடு நிற்பாள். வாய் திறந்து கேட்க மாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு கூடையைத் தராசில் வைப்பாள்.

கடைசியில் வழி சொன்னவர் முதலியார்தான். பம்பாய் ஹோட்டல் பேண்டு ரிக்கார்டை மெட்ராஸில் யார் வாங்குவார்? அந்த ஹோட்டலில் ஒரு நாளாவது ஆடியவர்கள்தான் ஞாபகத்துக்கு வாங்குவார்கள். அப்படிப்பட்டவர்கள் அதை லேசில் விற்க மாட்டார்கள், ஊரை விட்டே போனால்தான் உண்டு. "காத்திரு" என்றார்.

இந்த வருஷத் தொடக்கத்தில் 'பெரம்பூர் டிரைவர் வீடு' என்று புதிதாக ஒரு கட்டு வந்திருந்தது. குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட ஆங்கிலோ இந்தியர். எங்கள் ரயில்வேக்காரர்தான். கட்டின் நடுவில் அது இருந்தது! ஓரத்தில் சின்னச் சில்லு, லேபிளில் காபிக் கறை, மற்றபடி சுத்தம். லேபிளில் தலைவர் பெயர் இருந்தது. வாசித்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

முதலியார் அதைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார். ரயிலில் மடியிலேயே வைத்திருந்தேன். மானாமதுரை தாண்டியதும் வெயில் என் பக்கம் திரும்பியது. எதிர் சீட்டுக்காரரிடம் கெஞ்சி இடம் மாறினேன். வெயிலில் ரிக்கார்டு அப்பளமாகிவிடும் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லூர்தம்மாள் வந்தாள். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றாள். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். நான் சாவி கொடுத்து, புது முள் மாட்டி, ரிக்கார்டைப் போட்டேன்.

பாதியில் ஒரு டிரம்பெட் தனியாகக் கிளம்பும். அடடா, என்ன வாசிப்பு! முந்தின நாளே கேட்டு முடிவு கட்டியிருந்தேன், இதுதான் சூசை என்று. அது முடிந்ததும் பொறுக்க முடியாமல் முள்ளைத் தூக்கிவிட்டு, "இதுதானே?" என்றேன்.

லூர்தம்மாள் தலையை அசைத்தாள். "இல்லண்ணே. அவுக இம்புட்டு வேகமாப் பேச மாட்டாக."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. மறுபக்கத்தைப் போட்டேன். அதிலும் இல்லை. அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் சொன்னது உண்மைதானோ என்று அவள் மனதில் ஓடியது எனக்கே தெரிந்தது. சொர்ணம்தான் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள், முதல் பக்கத்தை முழுசாகத்தான் போட்டுக் காட்டுங்களேன் என்று.

போட்டேன். அந்தப் பிரமாதமான டிரம்பெட் வந்தது, போனது. எல்லா வாத்தியமும் ஒன்றாகச் சேர்ந்து முடிவுக்கு வருகிற இடம். அங்கே பின்னாலிருந்து இன்னொரு டிரம்பெட் எழும்பும். தாழ இருந்து மெதுவாக மேலே ஏறி, ஒரு கணம் நின்று, அப்படியே சரிந்து இறங்கும். அவ்வளவுதான், பாட்டு முடிந்துவிடும். அது ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த நுணுக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

லூர்தம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் கை பக்கத்தில் எதையோ துழாவியது.

"என்னம்மா?" என்றேன்.

"கூப்புடுறாகல்லண்ணே."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. கடலுக்குப் போன வத்தைப் படகுகள் கரைக்குத் திரும்பும்போது, அதில் இருப்பவர்கள் வாயில் கை குவித்துக் கூவுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூவல். எத்தனை வத்தை ஒன்றாக வந்தாலும் தன் வீட்டுக் கூவல் கேட்டதும் அந்த வீட்டுப் பெண்கள் மீன் அள்ளக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். பேண்டுக்குப் போவதற்கு முன்னால் சூசை தன் அய்யாவின் வத்தையில் போனவன்.

பம்பாயில் பெரிய மனிதர்கள் ஜோடி ஜோடியாக ஆடியிருப்பார்கள். அவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமா, அவன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான் என்று?

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சொர்ணமும் அழுதாள். நான் முள்ளை மாற்றுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். ஒருமுறை நாத்தனாரையும் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். போகும்போது நாத்தனார் லூர்தம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைசி இடம் வரும்போதெல்லாம் லூர்தம்மாள் எழுந்து நிற்பாள். பாட்டு முடிந்து வெறும் இரைச்சல் வந்த பிறகும் நின்றுகொண்டே இருப்பாள். அந்த இரைச்சலில் இன்னும் ஏதாவது வரும் என்று எதிர்பார்க்கிறவள் மாதிரி. சொன்னால் சிரிப்பீர்கள், நானும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

ஆனால் இரைச்சல் வாராவாரம் கூடிக்கொண்டே வந்தது. முள் இரும்பு, ரிக்கார்டு அரக்கு. எத்தனை புது முள் மாட்டினாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுரண்டத்தான் செய்யும். போன வாரம் அந்தக் கூவல் மேலே ஏறுகிற இடத்தில் லேசாகக் கரகரத்தது. மறைக்க மனம் வரவில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன்.

"தேயுமாண்ணே?"

"தேயும்மா. கொஞ்சங் கொஞ்சமா."

அவள் யோசித்தாள். பிறகு, ரிக்கார்டைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள்.

இத்தனை அலைந்து பிடித்த சாமான்! இதற்கு இன்னொன்று எங்கே போவேன்? "உன் வீட்டுல கிராமபோன் இல்லையேம்மா" என்றேன், தப்பித்துவிடலாம் என்ற எண்ணத்தில்.

"இல்லாததுனாலதாண்ணே" என்றாள். "இங்கன இருந்தா நானும் வருவேன், நீங்களும் போடுவீக. அங்கன இருந்தா தேயாதுல்ல."

ரிக்கார்டை எடுத்துத் துடைத்து உறையில் போட்டேன்.

வெயில் படக்கூடாது, அடுப்புப் பக்கம் கூடாது, படுக்க வைக்காமல் நிமிர்த்தி வை என்று ஆயிரம் பத்தியம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கல்யாணச் சேலைக்குள் சுற்றி டிரங்குப் பெட்டியில் நிமிர்த்தி வைப்பேன் என்றாள். அவுக வந்தா அவுகளே கேக்கட்டும் என்றாள். வந்தால் என்றுதான் சொன்னாள். ரிக்கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய மெதுவாக நடந்து போனாள். நான் வாசலிலேயே நின்றேன். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

இன்று ஞாயிறு. பூசை மணி அடித்து ஓய்ந்தாயிற்று. பழக்க தோஷத்தில் சாவி கொடுத்து வைத்துவிட்டேன், போடத்தான் எதுவும் பிடிக்கவில்லை. சொர்ணம் இரண்டு டம்ளருக்குப் பதில் மூன்று டம்ளர் காபி கலந்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். அலமாரியில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் காலியாக இருக்கிறது. வேறெதையும் அங்கே செருக மனம் வரவில்லை.

என்னிடம் இல்லாத ரிக்கார்டுகள் எத்தனையோ. எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் நான் தேடிப் போகாதது அது ஒன்றுதான்.