குளிரில் கிடந்த தோட்டாக்கள்

பின்னறையில் ரைஃபிளின் போல்ட் திறந்து மூடும் ஓசை கேட்டது. காபி ஊற்றிக்கொண்டிருந்த ஆர்டிஸின் கை அப்படியே நின்றது. வெளிக்குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் வந்த இரும்பு வேர்க்கும். அந்த ஈரத்தை அண்ணன் ஓரின் துடைத்துக்கொண்டிருந்தான்.

பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் உதறும்போதே அவன் சொல்லிவிட்டான்: "இத உன் சுவர்லயே மாட்டிக்கோ ஆர்டிஸ். இனிமே எனக்கு வேண்டாம்."

போன நவம்பரில், வேட்டையின் கடைசி நாளில், பெரிய கொம்புமான் ஒன்று அவன் எதிரே வந்து நின்றது. சுட்டான். காயத்தோடு அது காட்டுக்குள் மறைந்தது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில், "நீ அடைச்ச தோட்டா குளிர்ல சோம்பிப் போச்சு," என்றான். அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து அவள் நெஞ்சில் தைத்துக் கிடந்தது.

மினசோட்டாவின் வடகோடியில் இருந்த அந்த ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் ஆர்டிஸ். குளிர் தாங்காமல் அரிசோனாவுக்குப் போன கணவன் அங்கேயே தங்கிவிட்டான். அதன்பின் நீண்டுபோன மாலைகளில்தான் அவள் வெற்று உறைகளில் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா அடைக்கத் தொடங்கினாள். தராசில் வெடிமருந்தை மணிமணியாக இடும்போது மூச்சைக்கூட மெல்ல விடுவாள். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கும்; உள்ளே அவள் மனமும் சத்தமில்லாமல் இறங்கி அமரும். தனக்கும் அண்ணனுக்கும் அவளே அடைப்பாள். அவன் சுட்ட ஒவ்வொரு மானிலும் தனக்கும் ஒரு பங்கு இருப்பதாக ரகசியமாகப் பூரித்துப்போவாள்.

சில மருந்து குளிரில் வேகம் குறையும். குண்டு தாழ்ந்து விழும். அதனால் முந்தின நாளே தோட்டாக்களில் பாதியை வெளிக் கொட்டகையில் பனியோடு போட்டிருந்தாள். மீதி அடுப்போரம் இருந்தது.

"காபி குடிச்சிட்டு வா. நான் தோட்டாவ விசாரிக்கப் போறேன். உன் துப்பாக்கியிலயே."

"இந்தக் குளிர்லயா? மூக்கு உதிர்ந்துடும்."

"உதிர்ந்தா உன் பையில எடுத்து வை."

கொட்டகைக்குப் பின்னால் வெண்மைக்கு முடிவே இல்லை. வெயிலில் காற்றே பொடிப்பொடியாக மின்னியது. துப்பாக்கிக் குழாய் நன்றாகக் குளிரட்டும் என்று காத்திருந்தாள். தன் மூச்சுப்புகை கலைந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தான் இந்த உலகத்தில் இல்லை என்றே தோன்றியது.

மார்போடு வைத்திருந்த சூடான தோட்டாக்களை முதலில் சுட்டாள். சத்தத்தைப் பனி விழுங்கியது. பிறகு உறைந்துகிடந்தவற்றைப் போட்டாள். விசையைத் தொடுமுன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விபரீத வேண்டுதல் அவளுக்குள் எழுந்தது. கீழே விழு. தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும், அவனுடையதாக வேண்டாம்.

முக்காலியில் நிறுத்தியிருந்த தொலைநோக்கியில் குனிந்தாள். தூரத்துக் குறிப்பலகையில் எல்லாக் குண்டுகளும் ஒரே துளையில் நுழைந்திருந்தன. இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு அழகாகச் சுட்டதில்லை. வழிந்த கண்ணீர் இமையிலேயே உறைந்தது.

காபிக் கோப்பையோடு ஓரின் பின்னால் நின்றிருந்தான்.

"தாழ்ந்துதான் விழுது," என்றாள் ஆர்டிஸ். "மருந்து சரியில்ல. என் தப்புதான்."

அவன் அவளை மெல்ல விலக்கி, இடது கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"பொய் சொல்ல இன்னும் கத்துக்கல நீ," என்றான். "ஆகஸ்ட்லருந்தே வலது கண்ணுல நடுவுல ஒரு புகை. டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. இனி போகாதாம்."

"தெரிஞ்சுமா என் தோட்டாவச் சொன்ன?"

"அதச் சொல்றது சுலபமா இருந்துது."

அவள் கோபப்பட நினைத்தாள். முடியவில்லை. அவன் கையுறையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து வந்தாள். சர்க்கரை தூவிய உருளைக்கிழங்கு ரொட்டியை இருவரும் தின்றார்கள். துப்பாக்கியைச் சுவரில் அவனே மாட்டினான்.

"அடுத்த நவம்பர்ல நீ சுடு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். மான் வர்றது உனக்கு முன்னாடி எனக்குக் கேக்கும்."

"உன் குறட்டைக்கு ஒரு மானும் வராது."

"வந்தா?"

"வந்தா எந்தப் பக்கம்னு என் காதுல சொல்லு."

அவன் தலையை ஆட்டினான். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே இறங்கினான். வெண்புகையாகக் குளிர் தரையோடு தவழ்ந்து உள்ளே வந்தது. அவன் வண்டியில் ஏறும்வரை பார்த்திருந்து, ஆர்டிஸ் கதவைச் சாத்தினாள்.