நாலு மணி விளக்கும் ஒரு நாவலும்

தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவனுக்குப் பேனா எதற்கு, சீட்டு எழுதத்தானே என்று எங்கள் பசறைப் பக்கத்தில் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். எழுபதுகளில் அதே பேனாவால் நாவல் எழுதக் கிளம்பிய பாவி நான். 'தினமும் ஒரு பக்கம்' என்று சபதம் எடுத்து நொந்துபோனவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். முதல் அத்தியாயத்தைப் படித்த கொழும்புப் பத்திரிகை ஆசிரியர், மீதியை மூன்று மாதத்தில் அனுப்பினால் தொடராகப் போடுவதாக எழுதியிருந்தார். மீதி என்று ஒன்று இருந்தால்தானே!

விடியற்காலை

தொழிலாளர்கள் பெயர் கொடுத்து வேலை வாங்கும் காலைப் பெரட்டுக்குத் திரளும் முன்பே எழுதிவிடலாம் என்று நாலு மணிக்கு விளக்கேற்றினேன். அரைப் பக்கம்கூட ஆகவில்லை, கதவைத் தட்டினார்கள். பல்வலியோடு வீராயி, அவள் பின்னால் இருமிக்கொண்டு இரண்டு பேர். அந்த நேரத்தில் என் வீட்டில் விளக்கு எரிந்தால் யாரோ நோயாளி வந்திருக்கிறார், ஐயா எழுந்துவிட்டார் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க அர்த்தமாம். எத்தனை நாளாக வலி என்று எரிந்து விழுந்தேன்.

"ஒரு வாரமா இருக்குங்க. ஐயாதான் எப்படியும் முழிச்சிருக்கீங்களேன்னு வந்தேன்."

மருந்து மேசை

சரி, மத்தியானம் பார்ப்போம் என்று டிஸ்பென்சரி மேசையிலேயே உட்கார்ந்தேன். காய்ச்சலோடு வந்த கறுப்பையா கங்காணியைச் சோதித்துவிட்டு, கொஞ்சம் இருக்கச் சொல்லி இரண்டு பக்கம் எழுதினேன். தன் வியாதியைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்து மனுஷன் வெலவெலத்துப் போயிருக்கிறார். முடித்துவிட்டுக் காய்ச்சலுக்கு விழுங்கும் குளிசையை நீட்டினேன்.

"இம்புட்டு எழுதிப்புட்டு ரெண்டே ரெண்டு குளிசைதானாங்க?"

புதுக் கொப்பி

ஒவ்வொரு சபதத்துக்கும் பதுளைக்குப் போய், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் எழுத ஒரு புதுக் கொப்பி வாங்குவேன். நாலாவது தடவை அவர் கொப்பியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பழசு முடிஞ்சா ஐயா? கொப்பிய மாத்தினா கை மாறுமா?"

கம்பளி

கடைசியில் ஜன்னலில் கம்பளியைக் கட்டி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்து, வெளிச்சம் வெளியே போகாமல் எழுதினேன். பத்தொன்பது நாள் ஒருவரும் தட்டவில்லை. பத்தொன்பது பக்கம்! எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

இருபதாம் நாள் பக்கத்தை முடித்துவிட்டு முகம் கழுவக் கதவைத் திறந்தேன். கொழுந்து பறிக்கும் செல்லம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காய்ச்சலில் கொதிக்கும் குழந்தை. ஒரு மணி நேரமாகப் பனியில் இருந்திருக்கிறாள். தோட்ட லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குழந்தை பிழைத்தது, என் நல்ல காலம். ஏன் தட்டவில்லை என்று அன்று நான் கத்தியதற்கு அவள் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"வெளக்கு எரியலைங்களே. ஐயா அசந்து தூங்குறீங்க, எதுக்கு எழுப்பணும்னு உக்காந்துட்டேங்க."

அன்றே கம்பளியைக் கழற்றிவிட்டேன். நாவல் அதோடு நின்றுபோனாலும், நாள் தவறாமல் நாலு மணிக்கு எழுதும் பழக்கம் வந்துவிட்டது, அத்தனையும் மருந்துச் சீட்டுகள்.