கட்டைக்கு வாங்கிய மதிப்பெண்

இருபத்தாறு வயதில் பக்கவாதம் வரும் என்று யார் நினைப்பார்கள்? என் மகள் இளம்பிள்ளையில் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். வலது கை விழுந்துவிட்டது, வலது காலும் இழுத்துத்தான் நடக்கிறாள். கை திரும்புமா என்பதுதான் வீட்டில் ஒரே கேள்வி.

சேலத்தில் பிசியோதெரபி பார்த்த பெண், மாதம் ஒருமுறை இரண்டு விதமாக அளந்தார். ஒன்றில் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனி மதிப்பெண். இன்னொன்றில் மரக்கட்டையை எடுத்து மேல்தட்டில் வைக்க வேண்டும், டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு கைக்கு எதற்கு இரண்டு பரீட்சை என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் பரீட்சை என்று வந்துவிட்டால் நாமக்கல்காரனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? ஆட்டையாம்பட்டித் தச்சரிடம் அதே அளவில் கட்டைகள் செய்து வாங்கினேன். காலையும் மாலையும் கடிகாரத்தை வைத்துப் பழக்கினேன்.

“ப்ளஸ் டூவுக்கு ஹாஸ்டல்ல போட்டு உருப்போட வெச்சீங்களே, அதேதானுங்கப்பா இது” என்றாள். நான் விடவில்லை.

மூன்றாம் மாதம் கட்டைப் பரீட்சையில் மதிப்பெண் எகிறியது. அசைவுப் பரீட்சையில் ஒரு மாற்றமும் இல்லை. இதில் எது பொய் சொல்கிறது என்று அந்தப் பெண்ணிடம் கத்திவிட்டேன். அசைவு எவ்வளவு திரும்பியது என்பது வேறு, கை எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு என்று பொறுமையாகச் சொன்னார். இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று அவருக்கும் புரியவில்லை. வேலைக்குக் கை வந்துவிட்டதால், இனி கைப்பயிற்சி நேரத்தைக் குறைத்து நடைக்குக் கொடுக்கலாம் என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். அந்தக் கையால் அவளுக்கு இன்னும் மவுஸைக்கூட நகர்த்த வராது. வேறு வழியில்லாமல் வீட்டுக் கட்டைகளைப் பற்றிச் சொன்னேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலை. மகளின் துப்பட்டாவால் அவளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, மறுபடி கட்டையை எடுக்கச் சொன்னார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. இத்தனை நாளும் இடுப்பைச் சாய்த்து, தோளைத் தூக்கித்தான் எட்டியிருக்கிறாள். சாய்வதை அவரும் கவனித்திருக்கிறார், இந்த அளவுக்கு என்று நினைக்கவில்லையாம்.

“உடம்பு பழகிருச்சுங்க. கை பழகலீங்க.”

கட்டைப் பரீட்சையின் பழைய மதிப்பெண்ணை அடித்துக் குறைத்து எழுதினார். கைக்கான நேரம் தப்பியது. வீட்டில் முதுகைச் சாய்மானத்தில் ஒட்டி உட்கார்ந்து, மேசைமேல் ஒரு துண்டை மெதுவாக முன்னே தள்ளினால் போதும் என்றார். எத்தனை தடவை தள்ளினால் எவ்வளவு மதிப்பெண் ஏறும் என்று கேட்டுவிட்டேன்.

“அப்பாவ வெளிய உக்காரச் சொல்லுங்க மேடம்” என்றாள் மகள்.

வெளியே போய் உட்கார்ந்தேன்.