எட்டு மெகாஹெர்ட்ஸும் ஒரு பட்டுத் துண்டும்

எண்பதுகளின் பின்பாதி. டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி சரக்குக் கப்பல்களுக்கு ஏஜண்டு. ஆபீசுக்கே ஒரு கம்ப்யூட்டர்தான், தைவான் மெஷின். அது வந்த அன்றே அவர் ஒரு சட்டம் போட்டார்: “இந்தப் பெட்டிய யாரு ஸ்குரூட்ரைவர் வெச்சுத் தொறக்குறாங்களோ, அவங்க அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்.” சொன்னதைச் செய்கிற மனுஷர். டைப்ரைட்டரைப் பிரித்துப் போட்ட ஒருவரை அப்படித்தான் அனுப்பியிருந்தார்.

நான் திறந்தேன். கப்பலில் ஏறும் சரக்குப் பட்டியலை வரிசைப்படுத்த அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அந்த மெஷினின் மூளைக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது விரல் நகம் அளவுள்ள ஒரு தகரக் கூடு. கிரிஸ்டல் என்பார்கள். அதை மாற்றினால் ஆறு மெகாஹெர்ட்ஸ் வேகம் எட்டாகும். ஜாலான் புசார் பக்கம் உதிரி பாகம் விற்ற சீனக் கடைக்காரர், எட்டோடு நில், பத்துக்கு ஆசைப்படாதே என்று மலாயில் சொல்லித்தான் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்லாரும் போன பிறகு, கோப்புகளையெல்லாம் பிளாப்பியில் நகலெடுத்தேன். பிளக்கைப் பிடுங்கி, இரும்புக் கூட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டு, மாற்றினேன். பட்டியலை நாலு தடவை ஓடவிட்டு சிப்பின் மேல் விரல் வைத்தேன். ஐந்து எண்ணும்வரை விரல் சூட்டைப் பொறுத்தது. பழைய கிரிஸ்டலை பர்சில் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டேன்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. டைப்பிஸ்ட் அக்காவுக்கு மட்டும் மூக்கில் வேர்த்தது. “என்ன தம்பி, மெஷினுக்கு டானிக் குடுத்தியா? என் கோப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சிடுது லா,” என்றார்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி பெட்டியைச் சுற்றிப் பட்டுத் துண்டு கட்டினார். முன்னால் மல்லிகை மாலை, சந்தனம், குங்குமம். மறுநாள் காலைவரை எதையும் எடுக்கக் கூடாது என்பது அவர் வழக்கம். ஒரு மணிக்கு போன். கப்பல் ஒரு நாள் முந்திப் புறப்படுகிறது. ஐந்து மணிக்குள் பட்டியல் துறைமுகத்தில் இருக்க வேண்டும். அவர் சாமி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஓட்டு. ஆனா துண்ட எடுக்காத.”

ஓட்டினேன். பத்தாவது நிமிஷம் திரை உறைந்தது. நிறுத்திப் போட்டேன். ஐந்தாவது நிமிஷம் மறுபடி உறைந்தது. துண்டின் மேல் கை வைத்தேன். இஸ்திரி போட்ட வேட்டி போலச் சுட்டது. முன்னால் காற்று போகிற வழியில் மாலை, பின்னால் வெளியேறுகிற வழியில் பட்டு.

“முதலாளி, துண்டுதான். காத்து போகல.”

“போன வருஷமும் இதே துண்டு, இதே மாலை. அவசரம்னு மூணு மணி நேரம் ஓட்டினோமே, அப்ப ஓடுச்சு லா?”

ஓடியதுதான். அது ஆறில் ஓடியது. துண்டை எடுத்துவிட்டு எட்டிலேயே இன்னொரு தடவை பார்க்கலாம். சூடேறின சிப்பு பாதியில் மறுபடி நின்றால் பட்டியலும் கெடும், நேரமும் போகும். மணி இரண்டு. பர்சை எடுத்து, பழைய கிரிஸ்டலை மேசைமேல் வைத்தேன்.

“பெட்டியத் தொறந்தது நான்தான், முதலாளி. மூணு வாரமாச்சு.”

அக்காவின் டைப்ரைட்டர் நின்றது. முதலாளி கிரிஸ்டலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“இத்தனூண்டு சாமானா? இதப் போட்டா ஓடுமா?”

“ஓடும். முக்கால் மணி ஆகும்.”

“அப்ப தொற. நீ வீட்டுக்குப் போறதப் பத்திப் பெறகு பேசுவோம்.”

மாலையையும் துண்டையும் அவரே கழற்றினார். ஒரு ஸ்குரூ மேசைக்கடியில் ஓடியது. அக்கா மாதா கோயிலில் கொடுத்த ஞாயிறுத் தாளை எடுத்து, திறந்த பெட்டிக்கு விசிறினார். “எங்க சாமியும் கொஞ்சம் காத்து குடுக்கட்டும்.”

சிப்பு ஆறக் கால் மணி. பிறகு முக்கால் மணி. முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே இருந்தார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது. திரையில் எண் நகர்ந்தால்தான் நான் மூச்சு விட்டேன். மூன்றரைக்கு அச்சு இயந்திரம் கிறீச்சிட ஆரம்பித்தது. தாளின் கடைசி நுனியைக் கிழித்து எடுத்துக்கொண்டு, அவரே வேனில் துறைமுகத்துக்குப் போனார்.

நான் என் டிபன் கேரியரைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவும் போகவில்லை. ஆறு மணிக்கு முதலாளி படியேறி வந்தார்.

“ஏத்தியாச்சு. அந்த வேகமானது எங்க?”

கொடுத்தேன். சாமி படத்தின் முன் தட்டில் வைத்து, சந்தனத்தைத் தொட்டு அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். அவர் விரலுக்கு அது எம்மாத்திரம், முழுக்க மறைந்தது.

“நாளைக்கு விஜயதசமி. காலைல என் முன்னாடி போடு. மூடிய நான் புடிச்சுக்கிறேன். துண்டு இனிமே வேணாம்.”

கிரிஸ்டலின் கால்களில் சந்தனம் ஒட்டினால் மெஷின் ஓடாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலை, அவர் கற்பூரம் ஏற்றத் திரும்பிய நேரத்தில், சட்டை நுனியால் துடைத்தேன்.